கடலுக்குத் திரும்பிய மீன்பல்லி



கோயில் வாயிலிலும் விகாரை வாயிலிலும் மகர தோரணத்தைக் காணாதவர் நம் நாட்டில் மிகச் சிலரே. முதலையின் வாயையும் மீனின் உடலையும் யானையின் துதிக்கையையும் ஒன்றுசேர்த்துச் சிற்பி படைத்த கற்பனை விலங்கே மகரம். அத்தகைய விலங்கு உலகில் வாழ்ந்ததில்லை. ஆயினும், ஊர்வனவற்றின் எலும்பும் மீனின் உருவமும் ஒருங்கே அமைந்த ஓர் உயிர்க்குலம் உலகக் கடல்களில் மெய்யாகவே வாழ்ந்தது. அதுவும் ஓராண்டு ஈராண்டன்று. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகள் வாழ்ந்தது. அறிவியலார் அதற்கு இட்ட பெயர் இக்தியோசோர். கிரேக்க மொழியில் மீனைக் குறிக்கும் சொல்லும் பல்லியைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து அமைந்த பெயர் அது. ஆகவே நாம் அதனை மீன்பல்லி என்றே தமிழில் வழங்கலாம்.

பெயர்தான் மீன்பல்லி, அது மீனுமன்று, நம் வீட்டுச் சுவரில் ஊரும் பல்லிக்கு நெருங்கிய உறவுமன்று. தரையில் நடந்து திரிந்த ஊர்வனவற்றின் வழியிலே தோன்றி, கடலிற் புகுந்து, அங்கேயே நிலைத்துவிட்ட தனிக்குலம் அது. அக்குலம் தழைத்தெழுந்த காலம் திரையாசிக் காலம். அதன் கடைசித் தலைமுறைகளுட் சில மாண்டு புதைந்து கிடக்கும் இடங்களுள் ஒன்றோ தமிழ்நாட்டிலே, திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கே உள்ள காரை என்னும் சிற்றூரைச் சுற்றிய நிலம். அக்குலம் எவ்வாறு கடலுக்கு வந்தது, எவ்வாறு ஓங்கியது, எதனால் ஒழிந்தது என்பதையும், அந்த வரலாறு இன்று நமக்கு உணர்த்துவது யாது என்பதையும் ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில் காலத்தின் நீளத்தை மனத்திற் கொள்ளவேண்டும். திரையாசிக் காலம் இன்றைக்கு 25 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 20 கோடியே 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது. இவ்வெண்கள் காதில் விழுமேயன்றிக் கருத்தில் எளிதிற் பதியா. ஆகையால் ஓர் அளவை வைத்துக்கொள்வோம். ஓராண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் என்ற கணக்கில், வரக்காப்பொலையிலிருந்து வடக்கு நோக்கி ஒரு நூலை நேராக இழுத்துச் செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். அநுராதபுரத்தை ஆண்ட பழைய மன்னர்களின் காலம் நம் காலடியிலிருந்து இரண்டு மீற்றர் தொலைவிலேயே வந்துவிடும். திரையாசிக் காலத்தின் இறுதியைத் தொடுவதற்கோ வவுனியாவைத் தாண்ட வேண்டும். அதன் தொடக்கத்தைத் தொடுவதற்குக் கிளிநொச்சியையும் தாண்டி ஆனையிறவை அணுக வேண்டும். மனிதரின் எழுதப்பட்ட வரலாறு முழுவதும் அந்நூலின் முதற் சில மீற்றர்களுள் அடங்கிப்போம்.

அக்காலத்திலே இலங்கை தீவாக இருக்கவில்லை. இந்தியா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா, அந்தாட்டிக்கா ஆகியவற்றோடு ஒட்டிக்கிடந்த கொண்டுவானா என்னும் பெருநிலத்தின் உட்புறத்தே அது இருந்தது. அப்பெருநிலத்தின் வடக்கே தெதிஸ் என்னும் பெருங்கடல் பரந்திருந்தது. இந்திய நிலம் பிற்காலத்தில் வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியபோது, அக்கடலின் அடித்தளம் மடிந்து உயர்ந்து இமயமலையின் ஒரு பகுதியாயிற்று. இமாசலப் பிரதேசத்து ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் உயர்ந்த பாறைகளிலே திரையாசிக் காலத்துக் கடற்சிப்பிகள் இன்றும் காணப்படுகின்றன. நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமத்தை வைணவர் பூசிக்கின்றனர் அல்லவா? அதனுள் தோன்றும் சக்கரமும், திரையாசிக் காலத்துக்குப் பின்னர் அதே கடலில் வாழ்ந்த அமோனைற் என்னும் சுருள் ஓட்டு உயிரியின் சுவடே.

எலும்பும் ஓடும் எவ்வாறு கல்லாகின்றன என்று கேட்கலாம். மாரி பெய்யும் நாளில் மா ஓயாவைப் பார்த்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. மலைச்சரிவுகளின் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கலாக ஓடும் அவ்வாறு, கொச்சிக்கடைப் பக்கத்திலே கடலோடு கலந்து, சுமந்துவந்த சேற்றை அங்கே இறக்கிவிடுகிறது. ஆண்டுதோறும் ஒரு படை சேறு. அதன்மேல் மற்றொரு படை. தோட்டத்துப் புகைக்கூடத்திலே இறப்பர்ச் சீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல் அப்படைகள் அமைகின்றன. அடுக்கின் அடியில் உள்ளது முன்னர் வந்தது; மேலே உள்ளது பின்னர் வந்தது. இறந்த விலங்கொன்று அச்சேற்றில் விரைந்து மூடுண்டால், தசை அழுகிப்போயினும் எலும்பு எஞ்சும். மேலே ஏறும் பாரத்தால் சேறு இறுகிப் பாறையாகும். நிலத்தடி நீரிலுள்ள கனிப்பொருள்கள் எலும்பின் நுண்துளைகளிற் படிந்து அதனையும் கல்லாக்கும். இதுவே உயிர்ச்சுவடு.

அவ்வாறாயின், நம் வரக்காப்பொலைக் குன்றுகளை உடைத்தால் மீன்பல்லியின் எலும்பு கிடைக்குமா என்று மாணவர் வினவுவது இயல்பே. கிடைக்காது. நம் மாகாணத்துக் குன்றுகளின் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தாலும் பேரழுத்தத்தாலும் உருமாறியவை. கேகாலை மாவட்டத்துப் போகலைச் சுரங்கத்தில் காரீயம் கிடைப்பதும் அத்தகைய பாறைகளிலிருந்தே. எலும்புடைய விலங்கு உலகில் தோன்றுமுன்னரே உருப்பெற்ற பாறையில் எலும்பைத் தேடுதல் வீண். இலங்கையில் உயிர்ச்சுவடு தாங்கிய நிலங்கள் வேறு உள. புத்தளத்துக்கு அருகே தப்போவையில் ஜுராசிக் காலத்துச் செடிகளின் சுவடுகள் உள்ளன. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லில் அதற்கு மிகப் பிந்திய காலத்துக் கடலுயிர்களின் ஓடுகள் உள்ளன. இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளிலே, சில இலட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்ட நீர்யானை, காண்டாமிருகம் முதலியவற்றின் எலும்புகள் வெளிப்பட்டன. நூதனசாலைப் பணிப்பாளராக விளங்கிய கலாநிதி பி. இ. பி. தெரணியகல அவற்றைத் திரட்டி ஆராய்ந்தார். ஆனால் மீன்பல்லியைத் தேடுவோர் பாக்குநீரிணையைக் கடந்தே செல்லவேண்டும்.

மீன்பல்லி உலகுக்கு அறிமுகமான வரலாறு நம் பிள்ளைகள் கேட்டறியத் தக்கது. இங்கிலாந்தின் தென்கரையிலே லைம் றீஜிஸ் என்னும் சிற்றூரில் ஏழைத் தச்சர் ஒருவர் வாழ்ந்தார். கடற்கரைப் பாறைகளிற் கிடைக்கும் கற்சிப்பிகளை எடுத்து விற்று அவர் குடும்பத்துக்குச் சிறிது வருவாய் தேடினார். 1810ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது குடும்பத்துக்கு எஞ்சியது கடன் ஒன்றே. மறு ஆண்டு அவருடைய மகன் ஜோசப் அனிங் பாறையில் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டான். 1812இல், பன்னிரண்டு வயதான அவன் தங்கை மேரி அனிங் அதன் எஞ்சிய உடலைக் கண்டுபிடித்தாள். 1814இல் இலண்டனிலே ஓர் அறிஞர் அவ்வெலும்புகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். கண்டெடுத்த பிள்ளைகளின் பெயரை அதில் அவர் குறிப்பிடவில்லை. அக்காலத்து இலண்டன் புவியியற் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவுமில்லை. ஆயினும் மேரி அனிங் தன் வாழ்நாள் முழுவதும் அப்பணியைக் கைவிடவில்லை. 2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றோயல் கழகம், அறிவியல் வரலாற்றிலே செல்வாக்குப் பெற்ற பிரித்தானியப் பெண்கள் பதின்மருள் ஒருவராக அவரைக் கணித்தது. பட்டமும் பணமும் இல்லாத வீட்டுப் பிள்ளையின் கூரிய கண்ணும் பொறுமையும் உலக அறிவுக்கு ஒரு புதிய வாயிலைத் திறந்தன. லயன் வீட்டுப் பிள்ளைகளைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இதனை எடுத்துச் சொல்லாமல் இருத்தல் ஆகாது.

மேரி கண்ட மீன்பல்லி ஜுராசிக் காலத்தது. அக்குலத்தின் வேரை அறிய, அதற்கும் முந்திய திரையாசிக் காலத்தின் வாயிலுக்கே நாம் செல்லவேண்டும். அவ்வாயில் ஒரு சுடுகாட்டின் வாயில் போன்றது. 25 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், சைபீரிய நிலத்தில் எரிமலைக் குழம்பு வெள்ளமாகப் பரந்தது. அதனோடு வெளிப்பட்ட கரியமில வாயு உலகைச் சூடாக்கியது. கடல் வெம்மையுற்றது, நீரிற் கலந்திருந்த பிராணவாயு குறைந்தது. கடலுயிர் இனங்களுள் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை ஒழிந்தன. உலகம் கண்ட உயிரழிவுகளுள் இதுவே மிகப் பெரிது.

குடிகள் அழிந்துபோன ஊரில் புதிதாக வந்து சேர்ந்தவர்க்கு நிலம் எளிதிற் கிடைப்பதுபோல, வெறுமையான கடல் புதியவர்க்கு இடங்கொடுத்தது. கடலிற் புகுந்த ஊர்வனவற்றுள் மீன்பல்லிக் குலம் முன்னணியில் நின்றது. சீனாவின் அன்குயி மாகாணத்துச் சாவோகு என்னும் இடத்திலே, 24 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய சுவடுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று, 2014இல் விவரிக்கப்பட்ட கார்ட்டோரிங்கஸ் என்னும் சிறு விலங்கு. அதன் நீளம் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றரே. அதன் துடுப்புகள் பெரியவை, மணிக்கட்டு வளையத்தக்கது. கடல்நாயைப்போல அது கரையிலும் ஓரளவு ஊர்ந்திருக்கும் என அதனை ஆராய்ந்தோர் கருதினர். தரைக்கும் கடலுக்கும் நடுவே நின்ற ஓர் உறவினன் அது.

அதே இடத்தில் மற்றொரு சுவடும் கிடைத்தது. சாவோகுசோரஸ் என்னும் மீன்பல்லித் தாய் ஒன்று மகப்பேற்றின் வேளையிலே இறந்து கல்லாகியிருந்தது. ஒரு குட்டி வயிற்றினுள்ளே இருந்தது; ஒன்று பாதி வெளிவந்த நிலையில் இருந்தது; ஒன்று வெளியே கிடந்தது. மீன்பல்லிகள் ஆமையைப்போலக் கரையேறி முட்டையிடவில்லை, குட்டி ஈன்றன என்பது முன்னரே அறியப்பட்டது. ஆனால் இச்சுவட்டிலே குட்டியின் தலை முதலில் வெளிவந்திருந்தது. ஓங்கிலும் பிற்காலத்து மீன்பல்லிகளுட் பலவும் வால் முதலாகப் பிறந்தவை. தரைவாழ் விலங்குகளோ பெரும்பாலும் தலை முதலாகப் பிறப்பவை. ஆகவே குட்டி ஈனும் வழக்கத்தை மீன்பல்லியின் மூதாதையர் தரையில் வாழ்ந்த காலத்திலேயே பெற்றிருந்தனர் என்று அறிஞர் முடிவு செய்தனர். பிறந்த வீட்டு வழக்கம் புகுந்த வீட்டிலும் சிறிது காலம் தொடர்ந்ததுபோலும்.

2023இல் வெளியான ஆய்வொன்று, வடதுருவத்தை அடுத்த ஸ்பிற்ஸ்பேர்கன் தீவிற் கிடைத்த சில வால் முள்ளெலும்புகளை விவரித்தது. அவை ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. ஆயினும் முற்றும் கடல்வாழ்வுக்குப் பழகிய விலங்கின் எலும்புகளாகக் காணப்பட்டன. பேரழிவு முடிந்து 20 இலட்சம் ஆண்டுகளுக்குள் இவ்வளவு மாற்றம் நிகழ்ந்திருத்தல் அரிது. ஆதலால் இக்குலத்தின் மூதாதை பேரழிவுக்கு முன்னரே கடலை நாடியிருக்கலாம் என்ற கருத்தும் இன்று எழுந்துள்ளது.

கடலிற் புகுந்த குலம் வியத்தகு விரைவில் வளர்ந்தது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கிடைத்து 2021இல் விவரிக்கப்பட்ட சிம்போஸ்பொண்டிலஸ் என்னும் மீன்பல்லி 24 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதன் மண்டையோடு மட்டும் ஏறத்தாழ இரண்டு மீற்றர். உடலின் நீளம் 17 மீற்றருக்கும் மேல் என மதிப்பிட்டனர். கண்டி வீதியில் ஓடும் பெரிய பேருந்துகளில் ஒன்றரையின் நீளம் அது. அதே நெவாடாவில் 1954 முதலாகப் பேராசிரியர் சார்ள்ஸ் காம்ப் அகழ்ந்தெடுத்த ஷோனிசோரஸ் என்னும் இனம் ஏறத்தாழ 15 மீற்றர் நீளமுடையது. அங்கே பெரியவற்றின் எலும்புகளும், பிறவாத அல்லது பிறந்த உடனான குட்டிகளின் எலும்புகளுமே காணப்படுகின்றன. நடுத்தர வயதினவற்றைக் காணவில்லை. ஆகவே இன்றைய திமிங்கிலங்களைப்போல அவை குட்டி ஈனுவதற்கென்றே அவ்விடத்துக்குக் கூட்டமாக வந்திருத்தல் கூடும் என்று 2022இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

இவற்றினும் பெரியதொன்று திரையாசிக் காலத்தின் இறுதியில் வாழ்ந்தது. இங்கிலாந்தின் சமர்செற் கடற்கரையிலே 2020ஆம் ஆண்டில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவள் தந்தையும் ஒரு பெருந்தாடை எலும்பின் துண்டுகளைக் கண்டெடுத்தனர். 2016இல் அதே கரையில் கிடைத்திருந்த மற்றோர் எலும்பும் அதனை ஒத்திருந்தது. அவ்வொற்றைத் தாடையெலும்பே இரண்டு மீற்றருக்கு மேற்பட்டது. இக்தியோரைற்றன் என்று 2024இல் பெயரிடப்பட்ட அவ்விலங்கின் நீளம் ஏறத்தாழ 25 மீற்றர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. இதுவரை அறியப்பட்ட கடல் ஊர்வனவற்றுள் மிகப் பெரியது அதுவாகலாம். மேரி அனிங் வாழ்ந்த நாட்டிலே, இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒரு சிறுமியும் அதனைக் கண்டெடுத்தோருள் இருந்தாள் என்பதை நேயர்கள் கருதிப் பார்க்கலாம்.

திரையாசிக் காலம் முடிவுற்றபோது உலகில் மற்றொரு பேரழிவு நேர்ந்தது. பேருருவப் பூதங்கள் மறைந்தன. குலம் மட்டும் தப்பியது. எஞ்சிய சிறிய இனங்கள் ஜுராசிக் காலத்தில் மீண்டும் பெருகி, இன்றைய ஓங்கிலை மிகவும் ஒத்த வடிவத்தை அடைந்தன. ஜேர்மனியின் ஹோல்ஸ்மாடன் பாறைகளில் எலும்போடு தோலின் வரைகோடும் பதிந்துள்ளது. முதுகில் எலும்பில்லாத ஒரு செதில் இருந்ததும், வாலில் பிறைவடிவத் துடுப்பு இருந்ததும் அவற்றால் அறியப்பட்டன. 2018இல் நடந்த ஆய்வு, தோலின் கீழே திமிங்கிலத்துக்கு இருப்பது போன்ற கொழுப்புப் படை இருந்ததைக் காட்டியது. குளிர்ந்த நீரிலும் உடல் வெம்மையைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இருந்தது என்பதற்கு இது சான்று. மீன்பல்லியின் கை விரல்கள் சிறு சிறு எலும்புகளாகப் பெருகி, ஒன்றாக நெருங்கித் துடுப்பாயின. சில இனங்களின் கண் 20 சென்ரிமீற்றருக்கும் மேற்பட்ட குறுக்களவுடையது. உரித்த தேங்காயினும் பெரியது. மங்கிய ஆழ்கடலில் இரையைத் தேடுவதற்கு அக்கண் உதவியது. ஆயினும் மூச்சுக்கு மட்டும் அது காற்றையே நம்பியிருந்தது. நீரின் மேல்மட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும். தரையில் பிறந்த குலத்தின் நினைவு அதன் நுரையீரலில் கடைசிவரை தங்கியிருந்தது.

ஓங்கில் பாலூட்டி, சூரை ஒரு மீன், மீன்பல்லி ஓர் ஊர்வனம். ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்றும் ஒரே வடிவத்தை அடைந்தது எவ்வாறு? நீர்கொழும்பிலும் மன்னாரிலும் படகு கட்டுவோர் ஒருவரையொருவர் பாராதவராயினும், இருவருடைய படகின் முன்புறமும் கூராகவே அமையும். நீரைக் கிழித்துச் செல்ல வேறு வழியில்லை. கருவி செய்வோனுக்கு நீர் விதிக்கும் சட்டத்தையே உயிரினங்களுக்கும் அது விதிக்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு: ஓங்கிலின் வால் கிடையாக மேலும் கீழும் அசையும், மீன்பல்லியின் வால் மீனின் வாலைப்போல நெடிதாக நின்று இடமும் வலமும் அசையும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இந்தியாவின் குஜராத் மாநிலத்திலே, கச்சுப் பகுதியின் லோடாய் என்னும் ஊரருகே ஏறத்தாழ முழுமையான மீன்பல்லி எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. அது பற்றிய ஆய்வு 2017இல் வெளியாயிற்று. அது ஜுராசிக் காலத்தது. ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நீளமுடையது. ஆனால் இக்குலத்தின் இறுதிக்காலத்துச் சாட்சி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

கொண்டுவானா உடைந்து இந்தியாவின் கிழக்குக் கரை உருவானபோது, கடல் இன்றைய பெரம்பலூர், அரியலூர் நிலங்களின் மேல் ஏறி வந்தது. கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் அது. அதன் சேறு இன்று காரையைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளும் வெளிறலுமான வறண்ட ஓடைவெட்டுகளாகக் காட்சியளிக்கிறது. புல் பூண்டு அரிதான அந்நிலத்தில் நடப்பவன் காலடியிலே கடற்சிப்பி கிடக்கும். புவியியல் அளவையாளரான பிளான்போர்ட் இப்பகுதியின் பாறைப்படைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்து 1862இல் எழுதினார். அவற்றுள் கீழ்த்தொகுதியான ஊட்டத்தூர்ப் படையிலிருந்து கிடைத்த முள்ளெலும்புகளைக் கொண்டு, 1879இல் லிடெக்கர் என்பார் இந்தியப் பெயரோடு ஒரு மீன்பல்லி இனத்தை அறிவித்தார். 2011இல் வெளியான ஆய்வு, காரைப் படைகளில் கிடைத்த மீன்பல்லி, சுறா முதலியவற்றின் பற்களை விவரித்தது. அப்படைகளின் வயது 10 கோடி ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு.

சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழும் நம்மவரின் முன்னோர் பலர் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய பழைய மாவட்டங்களிலிருந்து நடந்தும் கடல் கடந்தும் வந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த புன்செய் நிலங்களுக்கு அண்மையிலேயே இப்பழங்கடல் புதைந்து கிடந்தது. மீன்பல்லி அயல்நாட்டுப் பாடநூலில் மட்டும் வாழும் விலங்கன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

காரைக் கடலில் நீந்திய மீன்பல்லிகள் தம் குலத்தின் கடைக்கோடியில் நின்றவை. ஏறத்தாழ 9 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அக்குலம் முற்றாக ஒழிந்தது. தைனோசோர்கள் மறைந்தது 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே. ஆகவே அவற்றை அழித்த விண்கல்லை மீன்பல்லியின் சாவுக்குக் காரணமாகக் கூற இயலாது. பின் எதனால் அழிந்தது? 2016இல் வெளியான விரிவான ஆய்வொன்று இதற்கு விடை கூற முற்பட்டது. அழிவு ஒரே அடியில் நேரவில்லை. இரண்டு கட்டங்களாக நேர்ந்தது. அக்காலத்தில் உலகின் தட்பவெப்பம் நிலையின்றி விரைந்து மாறியது. கடல்மட்டம் உயர்ந்தது, நீர் சூடேறியது, இறுதிக் கட்டத்திலே கடலின் பெரும்பகுதிகளில் பிராணவாயு குன்றியது. இரையின் வகைகளும் மாறின. மீன்பல்லிகளோ நெடுங்காலமாக மாறும் வேகத்தை இழந்திருந்தன. சூழல் விரைந்தது, குலம் பின்தங்கியது. இரண்டு பேரழிவுகளின் நிழலைக் கடந்து 15 கோடி ஆண்டு வாழ்ந்த குலம் அங்கே முடிந்தது.

நேயர்களே, நாம் கருதவேண்டியது இதுவே. நெடுங்காலம் வாழ்ந்தது என்பது இனியும் வாழும் என்பதற்கு உறுதியாகாது. உடலின் பெருமையும் அவ்வுறுதியைத் தராது. சூழல் மாறும் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலுமா என்பதே கேள்வி. அக்கேள்வி இன்று நம் கடல்களிலும் எழுந்துள்ளது. மனிதர் எரிக்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் கரியமில வாயு பெருகி, கடல் வெம்மையுற்று வருகிறது. 1960 முதல் ஐம்பதாண்டுக் காலத்தில் உலகக் கடல்களிலுள்ள பிராணவாயு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தது எனக் கணக்கிட்டுள்ளனர். 1998இல் கடல் வெம்மை மிகுந்தபோது நம் ஹிக்கடுவைப் பவளப்பாறைகள் வெளுத்து மடிந்ததை நாடே கண்டது. முற்காலத்தில் எரிமலை செய்ததை இக்காலத்தில் நம் அடுப்பும் ஆலையும் ஊர்தியும் செய்கின்றன. மிகக் குறுகிய காலத்தில் செய்கின்றன.

தரையிலிருந்து கடலுக்குத் திரும்பிய குலங்கள் இன்றும் உள. திமிங்கிலமும் ஓங்கிலும் அத்தகையன. மன்னார் வளைகுடாவிலும் பாக்குநீரிணையிலும் கடற்புல் மேய்ந்து வாழும் கடற்பசுவும் அத்தகையதே. ஆவுளியா என்றும் அதனை வழங்குவர். அதுவும் மீன்பல்லியைப்போலக் காற்றை நாடி மேலே வருவது. குட்டி ஈன்று வளர்ப்பது. வேட்டையாலும் வலையிற் சிக்குவதாலும் கடற்புல் அழிவதாலும் அதன் தொகை அருகிவிட்டது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுவின் காப்பிடமாக அறிவித்தது. இரு கரைத் தமிழரும் சிங்கள மீனவரும் வலைவீசும் அந்நீரில் கடற்பசு பிழைத்திருக்குமா என்பது இனி நாம் நடந்துகொள்ளும் முறையைப் பொறுத்தது.

மாண்டவற்றின் சாட்சியைக் காப்பதும் நம் கடன். காரையின் ஓடைவெட்டுகள் ஒவ்வொரு மழைக்கும் கரைகின்றன. அரியலூர்ப் பக்கத்திலே சீமெந்து ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படும்போது சுவடுகளும் சேர்ந்து அரைபடுகின்றன. வாரணவாசியில் அமைந்த உயிர்ச்சுவட்டு அருங்காட்சியகம் எஞ்சியவற்றைப் பேணி வருகிறது. நம் பக்கத்திலோ, மாணிக்கக் குழியில் இறங்குவோர் கல்லைத் தேடும் கையால் பழைய எலும்பையும் பல்லையும் தொடுகின்றனர். மாணிக்கத்துக்குச் சந்தையில் விலை உண்டு. பழைய எலும்புக்கு அங்கே விலை இல்லை. ஆயினும் உடைத்தெறிந்த எலும்பை மீண்டும் பெற முடியாது. குழியில் அத்தகையது ஏதும் வெளிப்படின், அதனைச் சிதைக்காமல், கிடைத்த ஆழத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, ஊர்ப் பாடசாலை வாயிலாகவோ நேராகவோ இரத்தினபுரித் தேசிய நூதனசாலைக்கு அறிவித்தல் வேண்டும். ஆசிரியர்கள் மாணவரை ஒருமுறையேனும் அங்கு அழைத்துச் செல்லுதல் நன்று.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, இது என்ன என்று கேட்டால், எறிந்துவிட்டுப் படி என்று சொல்லாதீர்கள். அக்கேள்வியும் படிப்பே. லைம் றீஜிஸ் தச்சனின் மகள் தொடங்கியதும் அங்கேதான்.